இந்த இலக்கம் யாற்றை? இணையத்தின் தோம்பு எழுதப்பட்ட கதை

போன மாதம் எங்கள் நண்பர் ஒருவரின் தம்பிக்கு வட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. வெளிநாட்டில் வேலையாம், விசாச் செலவெல்லாம் தாங்களே பார்ப்பார்களாம், "பதிவுக் கட்டணம்" மட்டும் முதலில் கட்டிவிட வேண்டுமாம். தளம் வடிவாகத்தான் இருந்தது. "25 வருட சேவை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நல்லகாலம், காசு கட்டுறதுக்கு முதல் எங்களிட்டைக் கொண்டுவந்து காட்டினான்.

நாங்கள் மடிக்கணினியில் டெர்மினலைத் திறந்தோம். படங்களில் ஹக்கர்மார் படபடவென்று தட்டுகிற அந்தக் கறுப்புத் திரைதான், பயப்பட ஒன்றுமில்லை. 'ஹூஇஸ்' என்ற கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்தத் தளத்தின் பெயரைக் கொடுத்தோம். சில செக்கனில் விபரம் வந்து விழுந்தது. 25 வருடம் சேவை செய்த தளத்தின் பெயர் பதிவாகி 11 நாள்தான் ஆகியிருந்தது.

காசு தப்பியது. ஆனால் தம்பி விடவில்லை. "அப்ப இதைச் செய்தது ஆரெண்டு பாருங்கோ" என்றான். பார்த்தோம். உரிமையாளரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தனியுரிமைக்காக மறைக்கப்பட்டது என்ற ஒரு வரிதான் இருந்தது. பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைச் சொல்லுகிற 'டிக்' என்ற இன்னொரு கட்டளையைப் போட்டு, தளம் ஓடுகிற கணினியின் இலக்கத்தை எடுத்தோம். அந்த இலக்கத்தைத் திரும்ப ஹூஇஸ்ஸிடம் கொடுத்தால், கணினிகளை வாடகைக்கு விடுகிற வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றின் பெயர் வந்தது. அதற்கு அங்கால் கதவு பூட்டு.

"கள்ளனைக் காப்பாத்தத்தான் மறைச்சு வச்சிருக்கினமோ?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. உடனே பதில் சொல்ல எங்களாலும் முடியவில்லை. பதில் தேடிப் போனபோது கிடைத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஒரு தோம்பு, ஒரு பெண்

யாழ்ப்பாணத்தில் பழைய காணி உறுதி பார்த்தவர்களுக்குத் தோம்பு என்ற சொல் பழக்கமாக இருக்கும். போர்த்துக்கேயர் தொடக்கி, ஒல்லாந்தர் விரிவாக எழுதிய காணிப் பதிவேடு அது. எந்தக் காணி, ஆற்றை பெயரில், எவ்வளவு இறை என்பதெல்லாம் அதில் இருக்கும். இணையத்துக்கும் அப்படி ஒரு தோம்பு இருக்கிறது. நாங்கள் டெர்மினலில் தட்டினது அதைப் புரட்டிப் பார்க்கிற கட்டளையைத்தான்.

அந்தத் தோம்பை எழுதத் தொடங்கின இடம் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்போர்ட் ஆய்வு நிலையம். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் காசில் 1969இல் தொடங்கியது. 1972இல் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண் இந்த வலைப்பின்னலின் தகவல் வேலைக்கு வந்து சேர்ந்தார். எல்லோரும் அவரை ஜேக் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் படித்தது உயிர் இரசாயனம். கணினி விஞ்ஞானி இல்லை. மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட்தான் அவரைத் தன் ஆய்வுகூடத்துக்குள் எடுத்தவர். வந்தவுடன் கொடுத்த வேலை, வலையில் எந்தக் கணினியில் என்ன இருக்கிறது, அதற்கு ஆர் பொறுப்பு என்று ஒரு கைநூல் தொகுப்பது.

1989 வரை ஃபைன்லர் அங்கேயே இருந்து வலைத் தகவல் நிலையத்தை நடத்தினார். வலையில் புதுக் கணினி சேர வேண்டுமென்றால் அவருடைய ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு கோப்பில் அதன் பெயரையும் இலக்கத்தையும் எழுதி வைப்பார்கள், மற்ற எல்லாக் கணினியும் அந்தக் கோப்பைப் பிரதி எடுக்கும். ஆட்களின் பெயரும் ரெலிபோன் இலக்கமும் போட்ட விபரக்கொத்தையும் அச்சடித்துக் கொடுத்தார்கள். இன்று நாங்கள் சாதாரணமாகச் சொல்லுகிற டொட் கொம், டொட் எடு போன்ற வால்கள் முடிவானதிலும் அந்த நிலையத்துக்குப் பங்கு உண்டு.

அச்சுப் புத்தகம் வெளிவரும்போதே பழசாகிவிடும். அதனால் விபரக்கொத்தைக் கணினியிலேயே வைத்து, ஆரும் வலை வழியாகக் கேட்கலாம் என்று செய்தார்கள். இந்த ஏற்பாட்டை விபரிக்கிற ஆவணம் 1982 மார்ச்சில் வந்தது. அதன் இலக்கம் ஆர்.எப்.சி 812, எழுதியவர்கள் கென் ஹரன்ஸ்டீன், விக் வைட் என்ற இருவர். ஆங்கிலத்தில் "யார்?" என்று கேட்கிற இரண்டு சொல்லை ஒட்டி, கட்டளைக்கு ஹூஇஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அது வேலை செய்கிற முறை சிரிப்பு வருமளவுக்கு எளிமை. கணினியின் 43ஆம் இலக்க வாசலைத் தட்டு. ஒரு வரி கேள். மறுபக்கம் தெரிந்ததைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும். கேட்கிறவர் ஆர் என்று அது விசாரிக்காது. கடவுச்சொல் இல்லை, கணக்கு இல்லை.

பதிலில் என்ன வரும்? முழுப் பெயர், தபால் முகவரி, ரெலிபோன் இலக்கம், மின்னஞ்சல். வலையில் கணக்கு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இந்த விபரத்தைப் பதியச் சொல்லி 1982 ஆவணம் கேட்டுக்கொண்டது. இன்றைக்கு வாசித்தால் நெஞ்சு திக்கென்கிறது. ஆனால் 1981 ஓகஸ்டில் அந்த வலையில் இருந்த கணினிகள் வெறும் 213. பல்கலைக்கழகங்கள், ஆய்வுகூடங்கள், படை நிலையங்கள். ஒரு கணினி பிழையாக நடந்தால் உரியவருக்குக் கோல் எடுத்துச் சொல்லத்தான் இலக்கம். ஊர்ச் சங்கக் கொப்பியில் பெயர் எழுதுவது போலத்தான் அவர்கள் எழுதினார்கள்.

இலக்கம் காணியான கதை

ஐபி முகவரி என்பது வலையில் ஒரு கணினிக்குப் போகிற வழியைக் காட்டுகிற இலக்கம். புள்ளியால் பிரித்த நாலு எண். 1981இல் முடிவான நாலாம் பதிப்பின்படி மொத்தம் 429 கோடி முகவரிகள்தான் இருக்க முடியும். 213 கணினி இருந்த காலத்தில் அது முடியவே முடியாத கடல் போலத் தெரிந்திருக்கும்.

அதனால் கேட்டவருக்குக் கேட்டபடி கொடுத்தார்கள். தென் கலிபோர்னியாவில் இருந்து யொன் பொஸ்டல் என்ற விஞ்ஞானி எண்களின் பட்டியலைப் பராமரித்தார். முதல் எண் 18 என்று தொடங்குகிற முகவரிகள் முழுக்க எம்.ஐ.டி பல்கலைக்கழகத்துக்குப் போனது. 19 ஃபோர்ட் கார்க் கொம்பனிக்கு, 17 அப்பிளுக்கு. அப்படி ஒரு தொகுதியில் 1 கோடி 67 இலட்சம் முகவரிகள். இலங்கையின் சனத்தொகையே 2 கோடிச் சொச்சம்தான். அந்த அளவை ஒரு பல்கலைக்கழகமும் ஒரு கார்க் கொம்பனியும் தனித்தனியாக வைத்திருந்தன. எங்கள் பக்கத்து நாடுகள் வலைக்குள் வரும்போது நல்ல காணியெல்லாம் வேலி அடைத்தாயிற்று.

1990களில் ஒரு கந்தோர் உலகம் முழுவதற்கும் தோம்பு எழுத முடியாது என்று விளங்கியது. பிராந்தியத்துக்கு ஒரு பதிவகம் என்று பிரித்தார்கள். ஐரோப்பாவுக்கான ரைப் 1992இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. ஆசிய பசுபிக்குக்கான ஏப்னிக் 1993இல் டோக்கியோவில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1998இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு இடம் மாறியது. வட அமெரிக்காவுக்கு ஆரின், இலத்தீன் அமெரிக்காவுக்கு லக்னிக். கடைசியாக 2005இல் ஆபிரிக்காவுக்கு அப்ரினிக், அதன் தலைமையகம் மொரீஷியஸில். இலங்கை இருப்பது ஏப்னிக்கின் கீழே. நீங்கள் இப்போது இதை வாசிக்கிற போனின் முகவரியும் அநேகமாகப் பிரிஸ்பேனில் இருக்கிற அந்தப் பதிவேட்டில்தான் எழுதப்பட்டிருக்கும்.

2011 பெப்ரவரி 3ஆம் திகதி மத்திய கையிருப்பில் கடைசியாக மிஞ்சின ஐந்து பெரிய தொகுதிகளை ஐந்து பதிவகங்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்தார்கள். அன்றிலிருந்து பழைய முகவரிக்குச் சந்தை விலை. அதே வருடம், வங்குரோத்தாகிப் போன நோர்டெல் என்ற கனடாக் கொம்பனியின் 6 இலட்சத்து 66 ஆயிரத்து 624 முகவரிகளை மைக்ரோசொப்ட் 75 இலட்சம் டொலருக்கு வாங்கியது. ஒன்று 11 டொலருக்குக் கொஞ்சம் மேல். 2017இல் எம்.ஐ.டி, தன்னிடம் பாவிக்காமல் கிடந்ததில் 80 இலட்சம் முகவரிகளை விற்கப்போவதாக அறிவித்தது. அதில் பெரும்பங்கு அமேசனிடம் போனது. சும்மா கொடுத்த இலக்கம் ஆதனமாகிவிட்டது.

கள்ள உறுதி

காணிக்கு விலை ஏறினால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. வெளிநாட்டுக்குப் போனவரின் காணி பற்றையாகிக் கிடக்கும். ஒரு நாள் பார்த்தால் வேறு ஒருவர் மதில் கட்டிக்கொண்டிருப்பார், கையில் உறுதியும் இருக்கும். கள்ள உறுதி. இணையத்தின் தோம்பிலும் இதே கதை நடந்தது.

1980கள், 90களில் தென்னாபிரிக்கக் கொம்பனிகள் பலவற்றுக்குப் பெரிய பெரிய முகவரித் தொகுதிகள் கிடைத்திருந்தன. அவற்றில் சில பிறகு மூடப்பட்டன, சில வேறு கொம்பனியோடு சேர்ந்தன. முகவரிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. 2019இல் ரொன் கில்மெட் என்ற கலிபோர்னிய ஆய்வாளரும், மைபுரோட்பாண்ட் என்ற தென்னாபிரிக்கச் செய்தித்தளமும் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். அந்தத் தொகுதிகளின் பதிவுகள் ஒவ்வொன்றாக மாற்றி எழுதப்பட்டிருந்தன. பழைய கொம்பனியின் பெயர் அப்படியே இருக்கும், தொடர்பு கொள்ள வேண்டிய மின்னஞ்சல் மட்டும் வேறு ஆருடையதாகவோ இருக்கும். அப்ரினிக்கின் சொந்தக் கையிருப்பில் இருந்தும் முகவரிகள் காணாமல் போயிருந்தன. பதிவகத்துக்கு உள்ளேயே நீண்டகாலம் வேலை செய்த ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுந்து, அவர் பதவி விலகினார்.

2021 ஜனவரியில் அப்ரினிக் தானே வெளியிட்ட அறிக்கை, தன் கையிருப்பில் இருந்து 23 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் முறைகேடாக எடுக்கப்பட்டதை ஒப்புக்கொண்டது. பழைய கொம்பனிகளின் முகவரிகளையும் சேர்த்தால் 40 இலட்சத்தைத் தாண்டும். அப்போது ஒரு முகவரி சுமார் 20 டொலருக்கு விலைபோனது, நீங்களே பெருக்கிப் பாருங்கோ. ஐந்து பிராந்தியங்களில் கடைசியாகப் பதிவகம் கிடைத்த கண்டத்தின் பங்கு அது.

இதைக் கண்டுபிடித்தது எப்படி? பெரிய உளவுக் கருவி எதுவும் பாவிக்கவில்லை. ஹூஇஸ் பதிவுகளின் பழையதையும் புதியதையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்ததுதான் முக்கியமான வேலை. பதிவேடு எல்லாருக்கும் திறந்திருந்தபடியால்தான், பதிவகத்துக்கு வெளியே கலிபோர்னியாவில் இருந்த ஒருவரால் மொரீஷியஸில் நடந்த களவைப் பிடிக்க முடிந்தது. அது பூட்டின அலமாரியில் இருந்திருந்தால், திருத்தினவரைத் தவிர வேறு ஆருக்கும் தெரிந்திராது.

பட்டியல் கையில் இருந்தால்

அப்படியென்றால் எல்லாவற்றையும் திறந்துவிடுவதுதானே சரி? இங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது.

ஆர்.எப்.சி 812 வெளிவந்து 16 மாதத்தில், 1983 யூலையில், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். புத்தகங்களிலும் பதிவாகியிருக்கிறது. வாக்காளர் பட்டியலை எழுதினவர்கள் வாக்குப் போடுவதற்காகத்தான் எழுதினார்கள். பெயரும் வீட்டு முகவரியும் ஒரு தாளில் வந்துவிட்டால், அந்தத் தாள் நாளைக்கு ஆற்றை கைக்குப் போகும் என்று எழுதினவருக்குத் தெரியாது. கலிபோர்னியாவுக்கும் கொழும்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் ஒருவர் பெயரும் வீட்டு முகவரியும் எல்லாரும் பார்க்கிற பட்டியலில் இருக்கலாமா என்ற கேள்விக்கு எங்கள் ஆட்கள் கொடுத்த விலை பெரியது. அதை மறந்துவிட்டு இதைப் பேச எங்களால் முடியவில்லை.

ஹூஇஸ் பதிவும் அப்படித்தான் கைமாறியது. 1990களில் வலை பொதுமக்களுக்குத் திறந்தபோது, ஒரு சின்னத் தளத்துக்குப் பெயர் வாங்கினவரின் வீட்டு முகவரியும் ரெலிபோனும் உலகம் முழுவதுக்கும் தெரிந்தது. குப்பை மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் அதிலிருந்து முகவரிகளை அள்ளினார்கள். ஒருவரை வெருட்ட நினைத்தவருக்கும் அது சுகமாகிப் போனது. ஒரு பெண் தன் பெயரில் அரசியல் எழுதினால், அவர் வீட்டுக் கதவிலக்கம் வரை ஒரு கட்டளைத் தூரம். 2004இல் ஹூஇஸ்ஸைத் திரும்ப விபரித்த ஆர்.எப்.சி 3912, ஆருக்கு எதைக் காட்டுவது என்று கட்டுப்படுத்தும் வழியே இதில் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது.

2018 மே 25இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தளப் பெயர்களின் பதிவில் தனிமனிதர் விபரம் மறைந்தது அதையொட்டித்தான். தம்பி கண்ட அந்த ஒற்றை வரி அங்கேயிருந்து வந்தது. கள்ளனும் அதற்குப் பின்னால் ஒளிகிறான், உண்மைதான். அதே வரிக்குப் பின்னால்தான் எங்களைப் போல எழுதுகிற எத்தனையோ பேரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஆனால் ஐபி முகவரிகளின் தோம்பு பெரும்பாலும் இன்னும் திறந்தே இருக்கிறது. எந்தத் தொகுதி எந்த நிறுவனத்திடம், எப்போது பதிந்தது, முறைப்பாடு எங்கே அனுப்புவது என்பதெல்லாம் தெரியும். ஆபிரிக்கக் களவையும் கொழும்புப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்களுக்குச் சரியாகப் படுகிற கோடு இதுதான்: பொதுவளத்தை வைத்திருக்கிற நிறுவனம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், வீட்டில் இருக்கிற தனிமனிதர் மறைவில் இருக்கலாம். மனிதரின் பெயர் தேவைப்பட்டால் நீதிமன்றம் கேட்கட்டும்.

வாசிக்கப் பழகுவோம்

தோம்பில் பெயர் இருக்கிறது என்பதற்காக ஆள் அந்தக் காணியில் குடியிருக்கிறார் என்று அர்த்தமில்லை. 1.1.1.1 என்ற முகவரியை நீங்களே ஹூஇஸ்ஸில் தட்டிப் பாருங்கோ. உங்கள் கணினி முதலில் எந்தப் பதிவகம் என்று கண்டு, ஏப்னிக்கிடம் போய்க் கேட்கும். பதிலில் அவுஸ்திரேலியா என்று வரும், ஏப்னிக்கும் கிளவுட்ஃபிளேரும் சேர்ந்து நடத்துகிற திட்டம் என்றும் வரும். ஆனால் அந்த முகவரிக்கு நீங்கள் அனுப்புகிற கேள்விக்குப் பதில் சொல்லுகிற கணினி பிரிஸ்பேனில் இருக்காது. ஒரே முகவரியில் உலகம் முழுக்கக் கணினிகள் இருக்கின்றன, உங்களுக்குக் கிட்ட இருப்பது பதில் சொல்லும்.

இன்னொரு பக்கம், ஒரே ஐபி முகவரியை நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் பங்குபோடுகின்றன. "ஐபி எடுத்தா ஆளைப் பிடிச்சிடலாம்" என்கிற கதை படத்துக்குச் சரி. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு தோட்டவீட்டில் குடியிருந்தவர்கள் பல வருடம் இந்த நம்பிக்கையின் விலையைக் கொடுத்தார்கள். ஐபி முகவரிக்கு இடம் சொல்லுகிற மக்ஸ்மைண்ட் என்ற கொம்பனி, அமெரிக்காவில் எங்கே என்று தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பக்கத்தில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி விழுந்தது அவர்கள் வளவில். 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த வீட்டைக் காட்டின. மோசடிக்காரரைத் தேடி பொலிசும், ஏமாந்துபோன சனமும் மாறி மாறி வந்து கதவைத் தட்டினார்கள். 2016இல் ஒரு பத்திரிகையாளர் தேடி எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

எங்களுக்கு இதில் இன்னொரு சின்னச் சந்தோஷமும் இருக்கிறது. பழைய ஹூஇஸ்ஸுக்கு எந்த எழுத்தில் பதில் வருகிறது என்று சொல்லும் வழியே இல்லை. ஆங்கில எழுத்துக்காரருக்காகச் செய்தது, தமிழில் எழுதின பெயர் அதில் ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. 2015இல் முடிவான ஆர்டாப் என்ற புது முறை உலகத்தின் எல்லா எழுத்தையும் ஏற்கிறது. ஆருக்கு எதைக் காட்டுவது என்று பிரிக்கவும் அதில் வழி உண்டு. 2025 ஜனவரி 28இலிருந்து டொட் கொம் போன்ற பொதுப் பெயர்களைப் பதிகிற நிறுவனங்கள் பழைய 43ஆம் வாசலைத் திறந்து வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஃபைன்லரின் ஆட்கள் தொடக்கின அந்த ஒற்றை வரிக் கேள்வி மெல்ல மெல்ல ஓய்வுக்குப் போகிறது.

கடைசியாகத் தம்பியின்ர கதை. ஆரென்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஐபி முகவரியின் பதிவில் முறைப்பாட்டுக்கென்று ஒரு மின்னஞ்சல் இருந்தது. தளத்தின் படங்கள், 11 நாள் கணக்கு, வட்ஸ்அப்பில் வந்த செய்தி எல்லாவற்றையும் சேர்த்து அந்தக் கொம்பனிக்கு எழுதினோம். பதில் வரவில்லை. நாலாம் நாள் பார்த்தால் தளம் திறபடவில்லை. வேறு பெயரில் வேறெங்கோ திறந்திருப்பார்கள் என்று எங்களுக்கும் தெரியும்.

இப்போது தம்பியின் போனுக்கு ஆர் லிங்க் அனுப்பினாலும், அவன் முதலில் கேட்பது "இது பதிஞ்சு எத்தினை நாள்?" என்றுதான். வகுப்பில் இன்னும் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறானாம்.